காலைச் சுடாத பைக்: மின்சார மோட்டார் சைக்கிளின் லாபமும் நட்டமும்

நம் ஊரில் பலருடைய கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருக்கும். சைலன்சர் சுட்டது. சின்ன வயதில் அப்பாவின் பைக்கிலிருந்து இறங்கும்போது பட்டிருக்கும், இல்லையென்றால் சிக்னல் நெரிசலில் பக்கத்து வண்டி உரசியிருக்கும். மின்சார பைக்கைப் பற்றிப் பேச அந்தத் தழும்பிலிருந்து தொடங்குவதுதான் சரி. காசு கொடுத்துப் போட்ட பெட்ரோலில் பெரும்பங்கு எங்கே போனது என்பதற்கு அதுவே சாட்சி.

டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்த வண்டிகளைப் பற்றி நான்கு வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. "ஓட்டுறதுக்குச் செலவே இல்ல." "மூணு வருஷத்துல பேட்டரி போயிடும்." "வெடிச்சிடும்." "லைசென்ஸே வேண்டாம்." நான்கிலும் ஒரு துளி உண்மை உண்டு. அந்தத் துளியை மட்டும் வைத்துக்கொண்டு லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வண்டி வாங்குகிறவர்களையும், நன்றாகப் பயன்படக்கூடிய வண்டியை வேண்டாம் என்று தள்ளுகிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டுமே வருத்தமாக இருக்கிறது. இந்த வண்டியின் நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய முழுவதுமே ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: அதன் தொட்டி மிகச் சிறியது, ஆனால் அந்தத் தொட்டியில் உள்ளதை அது வீணாக்குவதில்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சம்பளம் குறைவு, சிக்கனம் அதிகம்

முதலில் ஓர் அளவு. கரண்ட் பில்லில் 'யூனிட்' என்று வருகிறதே, அதுதான் இங்கேயும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் சூடானால் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும்போது விளம்பரத்தில் 'கிலோவாட் அவர்' என்று போடுவார்கள். அதுவும் யூனிட்டும் ஒன்றே.

பெட்ரோலையும் இதே அளவில் அளக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் சக்தி சுமார் 9 யூனிட். பன்னிரண்டு லிட்டர் தொட்டி என்றால் நூறு யூனிட்டுக்கு மேல். இப்போது மின்சார பைக்கைப் பாருங்கள். 2019-இல் வந்த ரிவோல்ட் ஆர்வி400 வண்டியின் பேட்டரி 3.24 யூனிட். பெட்ரோல் கணக்கில் அரை லிட்டர்கூட வராது. பெங்களூரு அல்ட்ராவயலெட் நிறுவனம் 2022-இல் கொண்டுவந்த எஃப்77 பைக்கின் பெரிய பேட்டரி 10.3 யூனிட். விலை உயர்ந்த அந்த வண்டியும் சுமப்பது ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சற்றே அதிகமான சக்தியைத்தான்.

அப்படியிருந்தும் ஆர்வி400 சாதாரணமாக ஓட்டினால் நூறு கிலோமீட்டர் போகும் என்று நிறுவனம் சொல்கிறது. எப்படி?

இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் நூறு ரூபாய் வருகிறது, எண்பது ரூபாய் வீணாகிறது, இருபதில் சமையல் நடக்கிறது. இன்னொரு வீட்டில் வரவு முப்பது ரூபாய்தான், அதில் இருபத்தைந்துக்கு அரிசி பருப்பு வந்துவிடுகிறது. பெட்ரோல் இன்ஜின் முதல் வீடு. பெட்ரோலை வெடிக்கவைத்து, அந்த வெடிப்பால் பிஸ்டனைத் தள்ளி, அந்தத் தள்ளலைச் சுழற்சியாக்கிச் சக்கரத்துக்கு அனுப்புவதற்குள் நூற்றில் எண்பது பங்கு அளவுக்கு வெப்பமாகப் போய்விடுகிறது. சைலன்சரில் சுட்டது அதுதான். மின்சார மோட்டாரில் வெடிப்பு கிடையாது. கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகிறது, எதிரே இருக்கும் நிலைக்காந்தத்தை இழுத்துத் தள்ளிச் சுற்றவைக்கிறது. பேட்டரியிலிருந்து வருவதில் நூற்றில் எண்பதுக்கு மேல் சக்கரத்தைச் சேர்கிறது.

ஆக்ஸிலரேட்டரைத் திருகியவுடன் வண்டி சீறிக் கிளம்புவதும் இதனால்தான். பெட்ரோல் இன்ஜின் நன்றாக இழுக்க அது ஓரளவு வேகத்தில் சுற்ற வேண்டும், அதற்காகவே கியரும் கிளட்ச்சும். மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுப்பு உண்டு. 'பிக்கப்' இருக்காது என்று சந்தேகப்படுகிறவரை ஒருமுறை ஓட்டச் சொன்னால் போதும், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இதுவரை பார்த்தது: தொட்டி சிறியது, மோட்டார் சிக்கனமானது. முதலாவதிலிருந்து குறைகள் வரும், இரண்டாவதிலிருந்து லாபம் வரும்.

லாபம் யாருக்கு?

லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் பைக், பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது, கிலோமீட்டருக்கு 2 ரூபாய் கேட்கிறது. மின்சார பைக் கிலோமீட்டருக்குச் சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 0.04 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் 8 ரூபாய் என்று சற்றுக் கூடுதலாகவே போட்டாலும் 32 காசு. கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம்.

இங்கேதான் பலர் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் வருவது, ஆனால் வண்டியின் கூடுதல் விலையை முதல் நாளே கொடுத்தாக வேண்டும். அதே தரத்துப் பெட்ரோல் பைக்கைவிட 40,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்று ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். தினம் 10 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மாதம் 500 ரூபாய் மிச்சம், அந்த நாற்பதாயிரத்தை எடுக்க ஆறேமுக்கால் வருடம் ஆகும். தினம் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு, ஒன்றரை வருடத்துக்குள் எடுத்துவிடுவார். ரிட்டயர் ஆகி, காலையில் காய்கறிக் கடைக்கும் மாலையில் கோயிலுக்கும் மட்டும் போகிறவர் 'செலவே இல்லை' என்ற பேச்சை நம்பி வாங்கினால், வண்டி சுகமாக இருக்கும், பணம் திரும்பாது. தினம் நிறைய ஓடி, இரவு வீட்டுக்குத் திரும்புகிறவருக்கே இது கொழுத்த லாபம்.

கூடுதல் விலை ஏன் என்று கேட்டால் பேட்டரி. மோட்டாரும் சேசிஸும் பெட்ரோல் வண்டியைவிட எளிமையானவை. இந்த விலை வித்தியாசத்தைக் குறைக்கவே மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். 350 சிசி வரையிலான பெட்ரோல் பைக்குக்கு அது 28 ஆக இருந்தது, 2025 செப்டம்பரில் 18 ஆக்கிவிட்டார்கள். வித்தியாசம் குறுகியது. அதனால் அதற்கு முந்தைய ஒப்பீட்டை இன்று நம்ப வேண்டாம்.

பராமரிப்பில் வரும் மிச்சம் சிறியது, ஆனால் மனதுக்கு நிம்மதி. இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள் எதுவும் இல்லை. டயர், பிரேக், சஸ்பென்ஷன், செயினோ பெல்ட்டோ, அவ்வளவுதான் தேய்மானம்.

போஸ்டரில் ஒரு ரேஞ்ச், ரோட்டில் ஒரு ரேஞ்ச்

ஒருமுறை முழுதாகச் சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதை 'ரேஞ்ச்' என்கிறார்கள். இந்த வண்டிகளைப் பற்றிய சண்டைகளில் பாதி இந்தச் சொல்லால் வருவது.

கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? மெதுவாக மிதித்தால் காற்று தெரியாது, வேகம் கூட்டக் கூட்ட நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 45-இல் போகிறவர் 90-க்கு ஏற்றினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைக் கிழிக்க மட்டும் நான்கு மடங்கு சக்தி தேவை. பெட்ரோல் பைக்கிலும் இதே விதிதான். அங்கே தொட்டி பெரிது, வழியெல்லாம் பங்க், அதனால் நமக்கு உறைப்பதில்லை.

ஆர்வி400-க்கு நிறுவனமே சொல்லும் எண்களில் இதைப் பார்க்கலாம். மெதுவான எக்கோ மோடில் 150 கிலோமீட்டர், நார்மலில் 100, வேகமான ஸ்போர்ட் மோடில் 80. அதே வண்டி, அதே பேட்டரி, வலது கையின் திருப்பில் பாதி தூரம் காணாமல் போகிறது.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் பெரும்பாலும் ஐ.டி.சி. எண். இந்தியச் சாலை ஓட்டத்தைப் போல வகுத்த ஒரு சோதனை முறை அது. வண்டியை உருளைமேல் நிறுத்தி, குறித்த வேகங்களில் ஓடவிட்டு அளக்கிறார்கள். அந்தச் சோதனையின் உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர், சராசரி 22. எதிர்க்காற்று இல்லை, பின்சீட்டில் ஆள் இல்லை, மேம்பாலம் இல்லை. எண் பொய்யென்று சொல்ல மாட்டேன், மயிலாப்பூர் மாடவீதியில் போவதற்கான எண் அது. திண்டிவனம் பைபாஸுக்கு அது பொருந்தாது. ஊருக்குள் ஓட்ட ஐ.டி.சி. எண்ணில் நூற்றுக்கு எழுபது, நெடுஞ்சாலையில் பாதி என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அதற்கு மேல் கிடைத்தால் சந்தோஷம்.

ஒன்று கவனித்தீர்களா? பெட்ரோல் வண்டி ஊருக்குள் குறைவாகவும் நெடுஞ்சாலையில் அதிகமாகவும் மைலேஜ் கொடுத்துப் பழக்கியிருக்கிறது. மின்சார வண்டி தலைகீழ். சிக்னலில் நிற்கும்போது மோட்டார் சுற்றுவதே இல்லை, செலவும் இல்லை. வேகம் குறைக்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. இதை 'ரீஜென்' என்கிறார்கள். நெடுஞ்சாலையில் பிரேக்கே போடாமல் போகிறவருக்கு ரீஜென் எதையும் தராது.

மலை ஏறினால்? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்றால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் ஒரு யூனிட் வேண்டும். மூன்றேகால் யூனிட் பேட்டரியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கே போய்விடும். தூரத்துக்கான செலவு தனி. இறங்கும்போது ரீஜென் அதில் ஒரு பகுதியை மீட்டுக் கொடுக்கும், முழுவதையும் அல்ல.

இந்தியாவில் விற்கும் மின்சார இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை ஸ்கூட்டர்களாகவே இருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஸ்கூட்டர் வாங்குகிறவர் ஊருக்குள் ஓட்டுகிறார், சிறிய தொட்டி போதும். பைக் வாங்குகிறவர் தீபாவளிக்குச் சொந்த ஊருக்கு அதிலேயே போகலாம் என்று நினைக்கிறார்.

சுருக்கமாக, வேகம் கூடினால் தூரம் குறையும். நகரத்தில் இது நல்ல வண்டி. ஒரே மூச்சில் நெடுந்தூரம் என்றால் இன்றைய நிலையில் பெட்ரோல் வண்டியே சௌகரியம்.

சார்ஜ்: கடைசி ஆள் ஏறுவதற்குத்தான் நேரம்

டெர்மினஸில் காலி பஸ் வந்து நிற்கிறது. முதல் இருபது பேர் மளமளவென்று ஏறிச் சீட்டைப் பிடிக்கிறார்கள். நிற்க இடமில்லாத நேரத்தில் ஏறும் கடைசி ஐந்து பேருக்கு, ஒவ்வொருவருக்கும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கண்டக்டர் கத்த வேண்டும். லித்தியம் பேட்டரிக்குள் நடப்பதும் இதுதான். உள்ளே இரண்டு முனைகள். ஓட்டும்போது லித்தியம் அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட லித்தியம் அணுக்கள், ஒரு முனையிலிருந்து மற்றதற்குப் போகின்றன. சார்ஜ் போடும்போது பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்காருகின்றன. இடம் நிறைய நிறைய, அவசரப்படுத்தினால் பேட்டரி கெடும் என்பதால், சார்ஜரே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

ஆர்வி400-க்கு 75 சதவீதம் ஏற 3 மணி நேரமும், முழுதாக ஏற நாலரை மணி நேரமும் ஆகும் என்கிறது நிறுவனம். கடைசிக் கால் பங்குக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். அதனால் வழியில் சார்ஜ் போட நேர்ந்தால் எண்பதில் எடுத்துக் கிளம்புவது புத்திசாலித்தனம்.

பங்கில் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு நாலரை மணி நேரமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் இரவு தூங்கும்போது வண்டி தானாக நிறைகிறது என்றால் உங்கள் நேரம் பிளக் சொருகும் பத்து விநாடிதான். இந்தக் குறை குறையா இல்லையா என்பதை முடிவு செய்வது வண்டி இல்லை, உங்கள் வீடு. வண்டி நிற்கும் இடத்தில் சொந்தமாக ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் இது பங்குக்குப் போகும் வேலையையே ஒழித்த வண்டி. மூன்றாவது மாடி வாடகை வீட்டில், தெருவில் வண்டி நிறுத்துகிறவருக்குத் தினசரித் தலைவலி. கழற்றி எடுத்துப்போகிற பேட்டரி சில வண்டிகளில் உண்டு. மூன்று யூனிட் பேட்டரி கிட்டத்தட்ட ஓர் அரிசிச் சிப்பம் கனக்கும், அதைத் தினமும் மாடிக்குத் தூக்க முடியுமா என்று யோசியுங்கள்.

மூன்று வருடத்தில் பேட்டரி போகுமா?

இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. முதலில் வந்த மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றில் இருந்தது, வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதைப் போன்ற ஈய அமில பேட்டரி. அவை இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துபோயின. அந்த அனுபவம் ஊரெல்லாம் பரவி அப்படியே நின்றுவிட்டது. இப்போது வருவது லித்தியம் பேட்டரி.

இதன் ஆயுளைச் 'சுழற்சி' என்ற கணக்கில் சொல்வார்கள். நூறு சதவீதம் செலவழித்து, நூறு சதவீதம் ஏற்றினால் ஒரு சுழற்சி. இன்று பாதி, நாளை பாதி என்றாலும் சேர்ந்து ஒன்றுதான். நல்ல பேட்டரி எண்ணூறு, ஆயிரம் சுழற்சிக்குப் பிறகும் பழைய கொள்ளளவில் 80 சதவீதம் அளவுக்குத் தாங்கும். ஒரு சுழற்சிக்கு 80 கிலோமீட்டர் என்றாலே 64,000 கிலோமீட்டர் தாண்டுகிறது. அதற்குப் பிறகும் அது திடீரென்று செத்துப்போவதில்லை. நூறு போன வண்டி எண்பது போகும், பிறகு எழுபது.

சீக்கிரம் கெடுப்பது வெயில். உச்சி வெயிலில் நிறுத்துவது, நீண்ட தூரம் ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜ் போடுவது, வெளியூர் போகும்போது பூஜ்யத்தில் விட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து வந்து பார்ப்பது, இவை மூன்றையும் தவிர்த்தாலே பெரும்பாலான சேதத்தைத் தவிர்த்துவிடலாம். பேட்டரியை மாற்ற நேர்ந்தால் செலவு பெரிது, வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகலாம். அதனால் வாரன்டி எத்தனை வருடம் என்று கேட்டால் போதாது. கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். நான் பார்த்தவரை, விற்பனைப் பிரதிநிதியும் வாங்க வந்தவரும் சேர்ந்து மறந்துவிடும் வரி இதுதான்.

தீ

2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின்சார வண்டி தீப்பிடித்து, வீட்டை நிறைத்த புகையில் ஒரு தந்தையும் பள்ளி மாணவியான அவர் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் பயப்படுவதில் தவறே இல்லை. அந்தப் பயத்தைக் கேலி செய்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

பேட்டரிக்குள் நூற்றுக்கணக்கான சிறு செல்கள் அடுக்கியிருக்கும். ஒன்று பழுதாகி அளவு மீறிச் சூடானால், அந்தச் சூடு பக்கத்துச் செல்லைப் பற்றவைக்கும், அது அடுத்ததை. சரவெடியில் திரி நகர்வதுபோல. இதற்கு 'தெர்மல் ரன்அவே' என்று பெயர். தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம், எழும் புகை நச்சு. இதைத் தடுக்கப் பேட்டரியோடு ஒரு காவல் மூளை உண்டு. 'பி.எம்.எஸ்.' என்பார்கள். ஒவ்வொரு செல் தொகுதியின் சூட்டையும் மின்னழுத்தத்தையும் பார்த்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை. 2022 விபத்துகளுக்குப் பிறகு ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கி, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவரத் தொடங்கியது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் தயாரித்த மாதத்தை ஆர்.சி.யில் பார்ப்பது இதற்காகத்தான். 'எல்.எஃப்.பி.' வகை லித்தியம் பேட்டரி சற்றுக் கனம், ஆனால் சூட்டை அதிகம் தாங்கும். நம் வெயிலுக்கு அதையே நான் விரும்புவேன்.

நம் பக்கம் செய்யவேண்டியதும் உண்டு. எர்த் சரியாக உள்ள 15 ஆம்ப் பிளக், வண்டியோடு வந்த சார்ஜர். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வழியில், மாடிப்படிக்கு அடியில், படுக்கை அறைப் பக்கம் சார்ஜ் போடவே போடாதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் காய்ந்துவிட்டதே என்று பிளக்கில் சொருகாதீர்கள், சர்வீஸில் காட்டுங்கள்.

சொல்ல மறக்கும் சில

வழியில் நின்றுபோனால் தெருமுனை மெக்கானிக்கால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் என்று அளந்து கொடுக்கும் 'கன்ட்ரோலர்' ஒரு மின்னணுப் பலகை. அது போனால் நிறுவனத்திடம்தான் போக வேண்டும். எனக்கு நெருங்கிய ஒருவருடைய வண்டி, பெயர் வேண்டாம், ஓர் உதிரிப் பாகத்துக்காக மூன்று வாரம் சர்வீஸ் சென்டரில் நின்றது. அதனால் வண்டியைப் பார்க்கும் முன் உங்கள் ஊரில் சர்வீஸ் எங்கே என்று பாருங்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி என்றால் எவ்வளவு நல்ல வண்டியானாலும் யோசிக்க வேண்டும்.

லைசென்ஸ் வேண்டாம் என்பது மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட் மோட்டாருக்குள் அடங்கிய வண்டிக்கு மட்டும். மின்சார மோட்டார் சைக்கிளுக்கு லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் உண்டு. நம்பர் பிளேட் மட்டும் பச்சை.

புகையே இல்லை என்பதும் பாதி உண்மை. நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியில் வருகிறது, ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ அளவில் கரியமில வாயு. கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் மின்சார பைக் 30 கிராம், லிட்டருக்கு 50 கொடுக்கும் பெட்ரோல் பைக் 46 கிராம். குறைவுதான், பூஜ்யம் இல்லை. ஆனால் சிக்னலில் பின்னால் நிற்கிற குழந்தையின் முகத்தில் புகை அடிக்காது. அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "பைக்குக்குச் சார்ஜ் போட்டா கரண்ட் பில் எகிறிடும்" என்று ஹவுஸ் ஓனர் மறுப்பது வழக்கம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் நாற்பது யூனிட்தான் ஆகும். "ஐயா, மாசம் நாப்பது யூனிட்தான் ஓடும். என் செலவுல சப் மீட்டர் போட்டுக்கிறேன், அதுல என்ன காட்டுதோ கொடுத்துடறேன்" என்று கேட்டுப் பாருங்கள். வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள்.